கோமதியின் மைக்

ஜனவரி 12, ஞாயிறு. பர் துபாய்.

தேராவில் பொங்கல் விழா. எட்டுப் பெண்கள் சேர்ந்து பாடினார்கள், மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் நான். இரண்டாவது வரியிலேயே என் மனைவி கோமதி சுருதி விலகினாள். வேறு வழியில்லாமல் அவள் மைக்கை ஹாலில் கேட்காதபடி இறக்கிவிட்டேன். அவளுக்குத் தெரியக் கூடாதென்று பாடுபவருக்கு மட்டும் கேட்கும் காலடி ஸ்பீக்கரில் அவள் குரலை ஏற்றி வைத்தேன்.

திரும்பும்போது பாலத்து நெரிசலில் கார் நின்றது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "என் குரல் நல்லா கேட்டுச்சாங்க?"

"ம்" என்றேன்.

"அப்ப ரெக்கார்டிங் குடுங்க, அம்மாவுக்கு அனுப்பணும்."

ஹாலில் இறக்கினாலும் ரெக்கார்டிங்கில் எல்லா மைக்கும் தனித்தனியாக விழும். சுருதியையாவது சரிசெய்து கொடுப்போம் என்று, அவள் தூங்கியபின் ஹெட்போன் மாட்டி அவள் மைக்கை மட்டும் கேட்டேன். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் பக்கத்தில் நின்றவளிடம் கிசுகிசுக்கிறாள்:

"பயப்படாதீங்க அக்கா, எனக்கும் சுருதி நிக்காது. மிக்ஸர்ல எங்க வீட்டுக்காரர். தப்புப் பண்ணா பொண்டாட்டின்னுகூடப் பாக்காம இறக்கிடுவார். அவ்ளோ கறார்!"

சொல்லும்போது குரலில் என்ன பெருமை!

காரில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது சிரிப்பை மறைக்கத்தான். கள்ளி.