வரி கட்டும் ஜனம்

தாராவி,
29 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மாரீஸ்வரி எழுதுவது. கடன் முற்றி நீங்கள் தோல் பட்டறையைப் பூட்டி, போனை அணைத்துவிட்டு ஆம்பூருக்குப் போனதிலிருந்து, நம் சந்துக்குள் தபால்காரர் தேடி வருவது என்னை மட்டும்தான். அம்மா சுகம். ஃபைனான்ஸ் ஆள் நேற்றும் வந்தான். "ஒக்காருங்க தம்பி, டீ குடிச்சிட்டுப் போங்க. அவுக வந்தா ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்" என்றாள் அம்மா. "சாய் நை ஆன்ட்டி, பைசா" என்றான். ஆனாலும் டீயைக் குடித்துவிட்டுத்தான் போனான்.

ஆபீஸில் எனக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். அரசாங்கத்துக்கு வருகிற வரிப்பணம் செலவுக்குப் போதாது. மீதியைக் கடன் வாங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் ரிசர்வ் வங்கி அதற்காகக் கடன் பத்திரங்களை ஏலம் விடும். வங்கிகளும் எங்களைப் போன்ற கம்பெனிகளும், இன்ன வட்டிக்குத் தருகிறோம் என்று ஏலம் கேட்போம். யார் குறைந்த வட்டி கேட்கிறாரோ அவரிடம் முதலில் வாங்கும். பெரியவர்கள் சொல்லும் எண்ணைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறவள் நான்.

பத்திரத்தின் கெடு முடிந்து அது முதிர்ந்தால் பணத்தை எப்படித் திருப்பித் தருவார்கள் தெரியுமா? பெரும்பாலும் புதுக் கடன் வாங்கித்தான். ஒரே வருடத்தில் நிறைய முதிர்கிறது என்றால், அந்தப் பத்திரங்களை முன்னாலேயே திரும்ப வாங்கிக்கொண்டு, பல வருடம் கழித்து முதிர்கிற பத்திரத்தை மாற்றிக் கொடுப்பதும் உண்டு. யாரும் அதைக் கேவலமாக நினைப்பதில்லை. போன கடிதத்தில் "ஊரை ஏமாற்றியவன்" என்று உங்களையே எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து அம்மா அழுதாள். அதனால்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
மாரீஸ்வரி


ஆம்பூர்,
24 ஏப்ரல் 2025

என் தங்க மகள் மாரீஸ்வரிக்கு அப்பா ஆசையோடு எழுதுவது.

உன் கடிதத்தை இங்கே நான் வேலை செய்யும் செருப்புக் கம்பெனித் தையல் கூடத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். பக்கத்து மெஷின் பைசான், "அப்ப நீயும் ஒரு அரசாங்கம்தான்யா. கொடி ஒண்ணுதான் பாக்கி" என்றான். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தேன்.

நீ எழுதியதை யோசித்துப் பார்த்தேன். வங்கிக்கு, அதை அடைக்க வாங்கிய ஃபைனான்ஸுக்கு, அதையும் அடைக்க வாங்கியதற்கு என்று மூன்று இடத்துக்கு வட்டி போகிறது. எல்லாவற்றையும் அடைத்து ஒரே நீண்ட கடனாக மாற்றிவிட்டால் மூச்சு விடலாம். நீ சொன்ன அதே வழிதான். எனக்கு இனி எவனும் தரமாட்டான். உன்னிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது. உன் பெயரில் வாங்க ஒரு கடன் ஏஜென்டிடம் பேசிவிட்டேன். படித்த பிள்ளை நீயே வழி காட்டிவிட்டாய்.

அப்பா,
வெயிலுமுத்து


தாராவி,
18 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் வழி காட்டவில்லை அப்பா. ஆறுதல் சொன்னேன்.

இன்னொரு செய்தி. புனேயில் பொருளாதார எம்.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகையும் உண்டு. ஜூன் முடிவதற்குள் சேருகிறேன் என்று எழுதித் தர வேண்டும். அம்மாவுக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். ஆபீஸில் சொன்னால் கேக் வெட்டி நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள். அந்தப் பயம் வேறு.

எண்களை அடிக்கிறேனே தவிர, ஏன் அந்த எண் என்று தெரியாமல் அடிக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ள ஆசை. என் பெயரில் கடன் வாங்கினால் இந்த வேலையை விட முடியாது. கோபித்துக்கொள்ளாமல் யோசியுங்கள்.

மாரீஸ்வரி


ஆம்பூர்,
29 மே 2025

மகளே,

படிக்காதே என்று நான் சொல்வேனா? உன்னைப் படிக்க வைத்ததும் இந்தத் தொழில்தானே. படிப்பு எங்கேயும் ஓடிவிடாது. வட்டிதான் நிற்காமல் ஓடுகிறது.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை ஏஜென்ட் வீட்டுக்கு வருவான். பன்னிரண்டு வருடத் தவணை, மாதம் கொஞ்சம்தான். நீ கையெழுத்துப் போட்டால் மறுநாளே ரயில் ஏறி, பட்டறையைத் திறந்துவிடுவேன். இல்லையென்றால் இந்தக் கூடத்திலேயே என் காலம் போகட்டும். கட்டாயப்படுத்தவில்லை. நீயே சொல்லுட்டி, இத்தனை பெரிய அரசாங்கமே செய்வதை உங்கப்பன் செய்தால் மட்டும் தப்பா?

வெயிலுமுத்து


தாராவி,
16 ஜூன் 2025

அப்பாவுக்கு,

ஏஜென்ட் வந்தான். "பாரா சால் மேடம், நோ டென்ஷன்" என்று பேனாவை நீட்டினான்.

"பன்னெண்டு வருசம்னா அப்ப இவளுக்கு வயசு என்னாவும்?" என்றாள் அம்மா.

"வயசு எதுக்கு ஆன்ட்டி? சேலரி ஸ்லிப் போதும்."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பக்கத்துப் பட்டறை ஜெயினுலாப்தீன் மாமாவை அழைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். நம் பட்டறை மெஷின்கள் அம்மா பெயரில் வாங்கியவை அல்லவா? எல்லாவற்றையும் அவருக்கே விலை பேசிவிட்டாள். மாமா பேரம் பேசவில்லை. "வெயிலுமுத்து எம்மேல வருத்தப்படுவானே" என்று மட்டும் சொன்னார். பட்டறைச் சாவியையும் அதன் சொந்தக்காரரிடம் கொடுத்து முன்பணத்தை வாங்கிவிட்டோம்.

அதற்கப்புறமும் மூன்று கடன்களில் கடைசிக் கடன் நின்றது. அதை அடைக்க மட்டும் என் பெயரில் கடன் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். நாலு வருடத் தவணை. தவணை கட்டியதுபோகச் சம்பளத்தில் ரயில் பாஸுக்கும் வீட்டு அரிசிக்கும் மிஞ்சும். புனேக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக இருந்தது. இரண்டு வரிதான்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அரசாங்கத்துக்கு வயதாவதில்லை அப்பா. அதனால் நாற்பது வருடப் பத்திரம்கூட விற்க முடிகிறது. வரி கட்ட ஒவ்வொரு வருடமும் புது ஜனம் வருகிறது, இன்னும் பிறக்காதவர்கள்கூட வரிசையில் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் அதற்குக் கொடுக்கிறார்கள். நம் வீட்டில் வரி கட்டும் ஜனம் நான் ஒருத்திதான். நான் அடைந்துகிடந்தால்தான் நீங்கள் மூச்சு விட முடியும் என்றால், அதற்குக் கடனை மாற்றுவது என்று பெயர் இல்லை.

மாரீஸ்வரி


தாராவி,
5 அக்டோபர் 2025

அப்பாவுக்கு,

ஜூனிலும் அதற்குப் பிறகும் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. நீங்கள் நன்றாக இருப்பதாகவும், பேச விருப்பமில்லை என்றும் பைசான் அண்ணன் அம்மாவிடம் போனில் சொன்னாராம்.

மார்ச் வரைக்குமான அரசாங்கக் கடன் அட்டவணை வந்துவிட்டது. வாராவாரம் ஏலம். நானும் வாராவாரம் அதே நாற்காலியில்தான் இருப்பேன்.

தீபாவளிக்கு வாருங்கள். அம்மா எதிர்பார்க்கிறாள், நானும்தான். என்னை நாலு பேர் முன்னால் திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். கையெழுத்துக் கேட்டு மட்டும் வராதீர்கள்.

மாரீஸ்வரி