வாய் நிறைய குண்டூசி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? மிஷின் மிதிப்பதைக் கொஞ்சமாவது குறைத்தீர்களா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

எங்கள் இசை ஆய்வுத் துறையில் வாரம் ஒருவர், எங்கோ யாரோ பாடிய பதிவைப் போட வேண்டும். மற்றவர்கள் கேட்டே விவரம் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வாரம் என் முறை. அவசரத்தில் தப்பான பதிவைத் தட்டிவிட்டேன். போன மாதம் எனக்குச் சேதி சொல்லப் போனில் பதிவை அழுத்திவிட்டு, பேச மறந்து தைக்க உட்கார்ந்தீர்களே, அது!

நிறுத்தப் போனேன், பேராசிரியர் விடவில்லை. நான்கு முறை கேட்டார்கள்.

"வாயே திறக்காம பாடுறாரே, ஏதாவது விரதமா?" என்றார் அவர்.

"துக்கப் பாட்டு சார், சந்தேகமே இல்ல," என்று அடித்துச் சொன்னாள் என் அறைத்தோழி.

"எங்கப்பா டெய்லர் சார். வாய் நிறைய குண்டூசி," என்றேன்.

சிரித்து ஓய்ந்ததும், ஒவ்வொரு பதிவுக்கும் நாங்கள் நிரப்பும் படிவத்தில் புதுக் கேள்வி ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: 'பாடும்போது வாயில், கையில் என்ன இருந்தது?'

அதை நிரப்பிவிட்டேன். நூல் அறுந்ததும் நீங்கள் நிறுத்தி, கோத்ததும் விட்ட இடத்திலேயே எடுப்பதையும் எழுதினேன். 'பாட்டின் சொற்கள்' என்ற கட்டம் மட்டும் காலி. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை சட்டையின் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்திருப்பேன், அது என்ன பாட்டு என்று ஒருநாளும் கேட்கவில்லையே!

நீலச் சட்டைக்கு இரண்டு பட்டன் அனுப்புங்கள். இங்கே கிடைக்கும், ஆனாலும் அனுப்புங்கள். துறை அறையைப் பூட்ட வந்துவிட்டார்கள். குண்டூசியை எடுத்துவிட்டு ஒருமுறை பாடி அனுப்புங்கள் அப்பா. படிவத்துக்கு இல்லை.

உங்கள் காஜாக்காரி