தெருப் பக்கம் ஜன்னல் கூடாது

11-1-1988
ஜெயபால் சார் இன்றும் "கூடாது" என்றார். இந்த வீட்டு வரிசை பூந்தமல்லியில் வெள்ளைக்காரன் பட்டாளம் இருந்த காலத்தில் கட்டியது. டிரஸ்டுக்குச் சொந்தம், அவர் அதன் செயலாளர். குடியிருக்கிற நாங்கள் பழைமையை மாற்றக் கூடாது.

நான் என்ன மாளிகையா கேட்டேன்? இரண்டு காலும் விளங்காத புருஷனை எத்தனை நாள் மாடியிலேயே வைத்திருப்பது? கீழே காலியாகக் கிடப்பது கார் ஷெட் ஒன்றுதான். அதை எட்மண்டுக்கு அறையாக்கி, ஒரு ஜன்னல் வைக்கக் கேட்டேன்.

"அறையாக்கிக்குங்கம்மா. ஆனா தெருப் பக்கம் ஜன்னல் கூடாது. பழைய கதவ மாத்தக் கூடாது. உள்ளே வெள்ளச் சுண்ணாம்புதான் அடிக்கணும். பெயின்ட் அடிச்சா செவுரு மூச்சு விடாது."

சுவர் மூச்சு விட வேண்டுமாம். என் வீட்டுக்காரர்?

14-1-1988
பொங்கலுக்கு அடுத்த வீட்டிலிருந்து வந்தார்கள். எட்மண்ட் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். குமணன்சாவடித் திருப்பத்தில் லாரி மோதியதிலிருந்து இப்படித்தான், யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது. சுலைமான் பாயைக்கூட ஆஸ்பத்திரியில் "இனிமே வராத" என்று கத்தி அனுப்பிவிட்டார். இருபது வருஷம் ஒன்றாகக் காரம் போர்டு ஆடிய சிநேகிதர். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. எனக்கு அவர் மேல் கோபம்தான். ஒரு சொல்லுக்கா இவ்வளவு ரோஷம்?

2-2-1988
வேலை முடிந்தது. கொத்தனார் துலுக்கானம் மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தார். கண் கூசுகிற வெள்ளை. பக்கச் சுவரில் முற்றத்துக்குப் போக ஒரு சின்னக் கதவு. அவ்வளவுதான் காற்று, அவ்வளவுதான் வெளிச்சம்.

தெருக்கதவில் ஆணி கழன்ற இடத்தில் ஒரு ஓட்டை, பென்சில் நுழையும். "இத்த அடச்சிரட்டாம்மா?" என்றார் துலுக்கானம். ஜெயபால் சாரைக் கேட்காமல் அடைத்தால் அதற்கொரு பஞ்சாயத்து வரும், கேட்டுவிட்டு அடையுங்கள் என்றேன், எரிச்சலில். மனுஷன் நிஜமாகவே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "கதவுல கையே வெக்காதன்ட்டாரும்மா. இன்னா கதவோ, தங்கத்துல செஞ்ச மாரி!"

7-2-1988
நாலு பேர் நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். படி இறங்கும் வரை எட்மண்ட் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்ததும் சுற்றிப் பார்த்தார். "ஜன்னல் இல்லாதது நல்லதாப் போச்சு. எவனும் எட்டிப் பாக்க முடியாது." கிணற்றடியில் போய் அழுதேன்.

12-2-1988
பகலிலும் டியூப் லைட்.

20-2-1988
எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலை ஒன்பது மணி இருக்கும். சனிக்கிழமை, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் லீவு. கரண்ட் போய்விட்டது. ஷெட்டிலிருந்து, "மேரி! இங்க வா! செவுத்துல ஆளுங்க தலகீழாப் போறாங்க!"

கால் போனது போதாதா, புத்தியும்... ஓடினேன். "கதவச் சாத்து, சாத்து" என்றார். சாத்தினேன்.

முதலில் இருட்டு. பிறகு, கட்டிலை ஒட்டிய பின்சுவர் முழுக்கத் தெரு! எதிர் வரிசை வீடுகள், புளியமரம், எல்லாம் தலைகீழ். கீழே நீல வானம். மேலே தரை, அதில் ஒரு பெண் குடத்தோடு தலைகீழாக நடந்து போகிறாள். புடவை சிவப்பு. சினிமா மாதிரி இல்லை, சத்தமில்லை, ஆனால் புளியமரத்தின் ஒவ்வொரு கொப்பும் ஆடுகிறது. இப்போது, இந்த நிமிஷம், வெளியே ஆடுகிற கொப்பு!

எட்மண்ட் கையை நீட்டிச் சுவரருகே வைத்தார். ஒரு சைக்கிள் அவர் உள்ளங்கை மேல் ஏறிப் போனது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

22-2-1988
பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் வசந்தகுமாரியிடம் கேட்டேன். அந்தப் பென்சில் ஓட்டைதான் காரணமாம். வெளிச்சம் நேர்கோட்டில் வருவதால் படம் தலைகீழாக விழுமாம். "ரூம் நல்லா இருட்டா இருக்கணும் மேரி. செவுரு வெள்ளையா இருக்கணும். ஒரு ஜன்னல் இருந்தாக்கூட ஒண்ணும் தெரியாது."

ஜன்னல் கூடாது. கதவைத் தொடக் கூடாது. வெள்ளைச் சுண்ணாம்புதான். ஜெயபால் சாரைத் திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காரணம் தெரிந்தால் அதிசயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

6-3-1988
காலையில் எட்மண்டே லைட்டை அணைக்கச் சொல்கிறார். எதிர்ச் சாரியில் வெயில் விழுகிற வரைதான் படம் நன்றாக இருக்கும், மதியத்துக்கு மேல் மங்கிவிடும். சாயங்காலம் நான் வந்ததும் தெருவில் நடந்ததெல்லாம் எனக்குச் சொல்கிறார். புளியமரம் துளிர் விட்டதாம். எங்கள் தெருவைப் பற்றி எனக்குச் சொல்ல அவருக்கு விஷயம் இருக்கிறது!

19-3-1988
இன்று சனிக்கிழமை, கூட உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஒருவர் இறங்கினார். தலைகீழாக நம் கதவையே பார்த்து நின்றார். கொஞ்ச நேரம். தட்டவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறிப் போய்விட்டார்.

"சுலைமான்" என்றேன்.

"தெனம் வரான்" என்றார் எட்மண்ட். "கட தொறக்கப் போற வழில. ஒரு நாள் உடல."

நசரத்பேட்டையில் அவருக்குச் சைக்கிள் கடை. நான் அதற்குள் பள்ளிக்கூடம் போய்விடுவேன், எனக்கெப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில் வாங்கிய பேச்சுக்கு ரோஷப்பட்டு வராமல் இருக்கிறார் என்று நினைத்தேனே. வராதே என்றான், சரி, கதவு வரைக்கும் வரலாமே என்று நினைத்திருப்பார் போல. எத்தனை மாதமாகவோ!

எட்மண்ட் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் இப்போது யாரும் இல்லை.

26-3-1988
சவரம் செய்துவிடச் சொன்னார். செய்தேன். வெள்ளைச் சட்டை கேட்டார். பிறகு லைட்டை அணைக்கச் சொன்னார். காத்திருந்தோம்.

சைக்கிள் வந்து நின்றது. இறங்கினார்.

"மேரி, கதவத் தொற."

"எந்தக் கதவு?"

"தெருக் கதவ. சீக்கிரம், போயிரப் போறான்."

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. உலக்கையால் தட்டி, தோளால் தள்ளித் திறந்தேன். வெளிச்சம் உள்ளே கொட்டியது. சுவரில் இருந்த தெரு ஒரே நொடியில் காணாமல் போனது. எதிரே சுலைமான் பாய், தலை மேலே, கால் கீழே, நேராக நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாடா, தெனம் வந்து வேடிக்க பாத்துகினு போற? உள்ள வாடா" என்றார் எட்மண்ட்.

சுலைமான் பாய் சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. அது வாசலிலேயே விழுந்தது.

9-4-1988
ஜெயபால் சார் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே காரம் போர்டு, பவுடர், சத்தம். கதவு நாள் முழுக்கத் திறந்து கிடக்கலாமா, அதற்கும் விதி உண்டா என்று கேட்டேன்.

யோசித்தார். அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையாம்.