பஸ்ஸிலிருந்தே தெரியும் எழுத்து

இன்று காலை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ் கிளம்பும் நேரம். ஜன்னல் வழியே மைதாப் பசையின் புளித்த வாடை வந்ததுமே உன் நினைப்பு வந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். சுவரில் ஈரம் காயாத சுவரொட்டி. அதே எழுத்து.

அச்சகத்தில் நாம் அக்கம்பக்கத்துக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தபோது, அதற்குக் 'கால் வச்ச போல்டு' என்று பெயர் வைத்தவளே நீ. நேர்கோடுகள் தூண் மாதிரித் தடிப்பு, வளைவுகளோ மயிரிழை, முனைக்கு முனை குட்டியாக ஒரு பாதம். கல்யாணப் பத்திரிகைக்கு ஒல்லி எழுத்துதான் போடுவோம். இதைப் பொதுக்கூட்டத்துக்கு எப்போதாவது எடுப்போம். மற்றபடி நம் ஊரில் இது கண்ணீர் அஞ்சலிக்கு என்றே ஆகிவிட்டது. ஓடும் பஸ்ஸிலிருந்தே யார் போனது என்று பார்த்துவிட்டு உறவுக்காரர்கள் இறங்கி ஓடுவார்கள்.

உனக்கோ அதன் மேல் தீராத ஆசை. சொந்தமாக டிடிபி கடை திறந்தபோது, திறப்பு விழாச் சுவரொட்டியில் உன் பெயரை அதிலேயே போட்டாய். மேலே உன் போட்டோ. செலவு குறையட்டும் என்று கறுப்பு மை மட்டும்.

"வேணாம்டி, பாக்கவே பகீர்ங்குது" என்றேன்.

"எழுத்து என்னடி பண்ணிடும்? தூரத்துலேருந்து தெரியணும்ல."

நீ பிடித்தால் பிடித்ததுதான்.

அப்பா இல்லாத உன்னை வளர்த்த தாய்மாமா, விழாவுக்கென்று செந்துறையிலிருந்து பஸ்ஸில் வந்தார். சுவரில் உன் முகத்தையும் அந்த எழுத்தையும் பார்த்தவர், பாதி வழியிலேயே இறங்கி, ரோஜா மாலை வாங்கிக்கொண்டு அழுதபடி ஓடிவந்தார். கடை வாசலில் பட்டுப்புடவையில் நீ நின்றிருந்தாய்.

"யாருக்கு மாமா மாலை?"

அவர் மாலையைச் சாக்கடை ஓரம் வீசினார். "உசுரோட இருக்கறவ பேர இந்த எழுத்துலயா போடுவ? இனிமே ஒன் மூஞ்சிய செவுத்துல பாத்தா பஸ்ஸ வுட்டு எறங்கவே மாட்டேன், பாத்துக்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சாக்கடை ஓரம் திரும்பிப் பார்த்தேன். அந்த மாலையை ஓர் ஆடு தின்றுகொண்டிருந்தது.

அந்த வருஷத்து மழைக்கு முன்பே சுண்ணாம்புக்கல் லாரி உன் மொபெட்டை அடித்துவிட்டது. என்னிடம் இருந்த உன் போட்டோ, திறப்பு விழாச் சுவரொட்டிக்குப் போட்டது ஒன்றுதான். அஞ்சலிக்கு நம் ஊரில் வேறு எழுத்து ஏது? விடிந்ததும் சுவரில் ஒட்டினார்கள். தகவல் சொல்லப் போன ஆள் செந்துறை போய்ச் சேர்வதற்குள் மாமா வேறு வேலையாக நம் ஊர் வழியே பெரம்பலூருக்குப் பஸ் ஏறிவிட்டிருந்தார்.

சாயங்காலம் அவர் திரும்பியபோது உன்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையிலேயே பஸ்ஸிலிருந்து சுவரைப் பார்த்தாராம்.

"மறுபடியும் ஏதோ கடை தொறக்குது போலன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டேம்மா" என்றார், என் கையைப் பிடித்துக்கொண்டு. கடைசியாக ஒருமுறை உன் முகத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் குரலை என்னால் இன்னும் இறக்கிவைக்க முடியவில்லை.

இன்று சுவரில் இருந்தவர் முன்பின் தெரியாத ஒரு பெரியவர். கண்டக்டர் சத்தம் போட்டும் கேட்காமல் இறங்கிப் போய், கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் வந்து ஏறினேன். அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட எனக்குத் துணிவில்லையடி.