பெரிய ஓட்டை மேலேயா, கீழேயா

ஜூலை 3

ஹாலில் புது பிளக் பாயிண்ட். எலக்ட்ரீஷியன் ஏசுபாதம் போன பிறகுதான் கவனித்தேன்: மூன்று ஓட்டைகளில் பெரியது கீழே இருந்தது. மேலே இரண்டு கண், கீழே திறந்த வாய். யாரோ 'ஆ!' என்று பார்ப்பதுபோல. டிராயிங் டீச்சராக இருந்தவளுக்குப் பிடிக்காமல் போகுமா?

பியூலாவுக்குப் பிடிக்கவில்லை. என் தங்கை ரிட்டயர் ஆகியும் பிசிக்ஸை விடவில்லை.

"அக்கா, அந்தப் பெரிய ஓட்டைதான் எர்த். அது மேலதான் இருக்கணும். பிளக் லூசாகி, மேலேர்ந்து இரும்பு எதாவது விழுந்தா முதல்ல எர்த்லதான் படும். ஷாக் அடிக்காது."

"இந்த வீட்ல மேலேர்ந்து என்னடி இரும்பு விழும்?"

யோசித்தாள். "ஸ்கேல்."

ஜூலை 5

ஏசுபாதத்தை வரவழைத்துத் திருப்பிவிட்டாள். அவள் காய் வாங்கப் போனதும் நான் வரவழைத்து மறுபடி திருப்பினேன்.

"இன்னாக்கா, ரெண்டு பேரும் பேசி ஒண்ணா சொல்லுங்க. ஒரே பேஜாரா கீது."

பேசினோம். சண்டையாகிவிட்டது.

ஜூலை 6

"அந்த மூஞ்சியோடவே நீ குடும்பம் நடத்து!" பையைத் தூக்கிக்கொண்டு நாவலூருக்கு, அண்ணன் மகள் சினேகா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு பிளக் பாயிண்டுக்காகவா? போகட்டும்.

ஜூலை 8

இரண்டு பேருக்குக் காபி போட்டுவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

ஜூலை 9

எங்கள் பம்மல் ஏரியாவே அமைதியாகிவிட்ட மாதிரி இருக்கிறது. அந்த மூஞ்சி மட்டும் இன்னும் 'ஆ' என்கிறது. எதுக்குடா ஆ? ஃபோன் பண்ணலாமா — ஏன், அவ பண்ணக் கூடாதா?

ஜூலை 11

சினேகா ஃபோன். "அத்தை, சின்ன அத்தையை வந்து கூட்டிட்டுப் போங்களேன். எங்க ஃப்ளாட்ல பிளக் பாயிண்ட் எல்லாம் பக்கவாட்டுல இருக்கு. கழுத்தைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்க்கிறாங்க. இன்னிக்கு ஃப்ளாட் அசோசியேஷன் மீட்டிங்ல எழுந்து அதைப் பத்திப் பேசிட்டாங்க!"

வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசியில் ஏனோ மூக்கை உறிஞ்ச வேண்டியதாயிற்று.

ஜூலை 12

ஆட்டோவில் கூட்டிவந்தேன். வீட்டுக்குள் வந்ததும் நானே சொன்னேன்: "ஏசுபாதத்தைக் கூப்பிடறேன். திருப்பிடலாம்."

கழுத்தைச் சாய்த்து அதைப் பார்த்தாள்.

"வேணாம்க்கா. அங்க எல்லாம் படுத்துக் கெடக்குது. இது தலைகீழா இருந்தாலும் நிக்குதே."

ஜூலை 14

ஞாயிறு. அவள் சேலையையும் நானே அயர்ன் செய்தேன். முடிக்கும்வரை பிளக்குக்குக் காவல் மாதிரி பக்கத்திலேயே நின்றாள்.

"சர்ச்சுக்கு நேரமாச்சு, போய்க் கிளம்பேன்டி."

"போறேன், போறேன்" என்றாள். நான் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் போனாள்.