எல்லைக்கோட்டுக்கு உள்ளே

15.12.2020
ஆய்வகத்தில் புது மென்பொருள் இப்போதுதான் எனக்குப் பழகுகிறது. சாயமேற்றிய கல்லீரல் துணுக்கை ஸ்கேன் செய்தால் கொலாஜன் என்ற நார்ப்புரத இழைகள் சிவப்பாகத் தெரியும். எத்தனை சதவீதம் என்று அதுவே சொல்லும். சிவப்பு கூடினால் தழும்பு கூடுகிறது, ஈரல் கெடுகிறது என்று அர்த்தம். எல்லைக்கோடு வரைவது மட்டும் என் வேலை. ஈரலின் மேலுறையும் கொலாஜன்தான். அதையும் துணுக்கு மடிந்த இடங்களையும் கோட்டுக்கு வெளியே விடவேண்டும்.

சாயங்காலம் தம்பி மாயவன் நைனார்பாளையத்திலிருந்து வந்தான். எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு நேற்று மனு கொடுத்த கூட்டத்தில் இருந்தானாம். கண் மஞ்சளாக இருந்தது. கேட்டால், "வெயில்ல நின்னுகினு இருந்தேன்க்கா. தனுஷாவுக்கு ஒரு சீட்டு கெடைச்சா போதும்." அவன் மகள், பிளஸ் டூ படிக்கிறாள்.

30.1.2021
நேற்று போராட்டத்தில் மயங்கி விழுந்துவிட்டான். ஈரலில் ஊசி போட்டுத் துணுக்கு எடுக்கவேண்டுமாம். குடிக்கிறவனே இல்லையே — ஏன்?

9.2.2021
அவன் துணுக்கு எங்களிடமே வந்தது.

முப்பத்தொன்று. சதவீதம் இவ்வளவா? ஓரத்தில் உறை சேர்ந்திருக்கும் என்று கோட்டை உள்ளே இழுத்தேன். இருபத்துநான்கு. மடிப்பு மாதிரி ஓர் இடம். விட்டேன். பத்தொன்பது. இன்னும் ஓர் இடம். பதினொன்று. அப்போதுதான் மூச்சு வந்தது.

எங்கள் ஆய்வக டாக்டர் ரிஹானா பின்னால் நின்றிருக்கிறார். "இன்னாங்க இது, கோட்டுக்குள்ள ஈரலே இல்லியே." பிறகு திரையில் பெயரைப் பார்த்தார். "உங்க தம்பியா?" நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நானே அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.

முப்பத்தொன்று.

10.2.2021
அளந்து சொல்லிட்டு நான் பார்த்துகினே இருக்கணும், அவ்ளோதானா? இன்னா வேல இது.

27.2.2021
சட்டசபையில் நேற்று எங்கள் ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறிவிட்டது. மாயவன் படுக்கையிலிருந்து போன் செய்தான். "நாங்க இருவது கேட்டோம், பத்தரை குடுத்தாங்க. உன் மிஷினுதான்க்கா கேக்காமலே முப்பத்தொண்ணு குடுத்துச்சு." சிரித்தான். நானும் சிரித்தேன். யாரும் போனை வைக்கவில்லை.

2.11.2021
ஒதுக்கீடு செல்லாது என்று ஐகோர்ட் நேற்றுச் சொல்லிவிட்டது. தனுஷாதான் வந்து சொன்னாள். "அப்பாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க அத்த" என்றவள், சுவரில் மாலை போட்டிருந்த அவன் படத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

இன்றும் ஒரு துணுக்கு வந்தது. பெயரைப் பார்க்கவில்லை. கோட்டை உறையின் ஓரம்வரை வரைந்தேன்.