எல்லைக்கு இந்தப் பக்கம்

ஆபர்ன், கலிபோர்னியா
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கர்டிஸுக்கு,

லொரெட்டா எழுதுகிறேன். நீ போனை எடுப்பதில்லை, அதனால் தபால். வெந்நீர் ஹீட்டர் சரியாகிவிட்டது. நாய் இன்னும் உன் செருப்பைக் கவ்விக்கொண்டுதான் தூங்குகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் குடும்ப ஆலோசகர் ப்ரூயிட் அம்மா வீடியோவில் வந்ததும் முதலில் கேட்பது, "இப்ப எந்த ஊர்ல இருக்கீங்க?" நான் ஆபர்ன் என்பேன். நீ கோட்டும் குல்லாயுமாகக் காருக்குள் உட்கார்ந்து, ட்ரக்கி என்பாய். வேலையும் அறையும் நெவாடாவில், ரீனோவில் இருக்க, வாராவாரம் மலையேறி ட்ரக்கியில் என்ன வேலை என்று என் புத்தி போகாத இடமெல்லாம் போனது. நேற்று அவர் முன்னாலேயே கேட்டுவிட்டேன்: "யார் வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தியிருக்க? அவகிட்டயே ஒரு கம்பளி வாங்கிப் போர்த்திக்கோயேன்!" நீ திரையை அணைத்தாய். ப்ரூயிட் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நானும் அணைத்துவிட்டேன்.

இன்று காலை வேறு ஆலோசகர் தேடினேன். போனில் வந்த அம்மா நான் விவரம் சொன்னதும், "வீட்டுக்காரர் நெவாடாவா? எனக்குக் கலிபோர்னியா உரிமம் மட்டும்தாங்க, நெவாடாவுல இருக்கிறவங்ககிட்ட ஆலோசனை பேசக் கூடாது. பேசுற நேரத்துக்கு அவர் எல்லைக்கு இந்தப் பக்கம், ட்ரக்கிக்காவது வந்து உட்காரணும். இந்தப் பனியில யாருங்க வருவாங்க?" என்று சிரித்தார். ப்ரூயிட் அம்மாவுக்கும் கலிபோர்னியா உரிமம்தானே; அதற்குத்தான் வாராவாரம் அந்த ஊர்க் கேள்வி.

ப்ரூயிட் அம்மாதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். அவருக்காகத்தான் மலையேறுகிறேன் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்றும் தெரியும். "எதைச் செஞ்சாலும் தம்பட்டம் அடிக்காம செய்யத் தெரியாதா உனக்கு?" என்று நீ வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று கத்தியது நான்தானே. வெட்கமாக இருக்கிறது, கர்டிஸ். அழுகையாகவும் வருகிறது.

இரண்டு மாநிலத்திலும் உரிமம் உள்ள ஒருவரைப் பிறகு கண்டுபிடித்தேன். இனி நீ அறையிலேயே உட்கார்ந்து பேசலாம். ஆனால் வரும் வியாழன் ப்ரூயிட் அம்மாவிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்யவில்லை. உன் கார் கண்ணாடியில் தெரியுமே பச்சைக் கூரைக் கடை, அதன் வாசலில் நிற்பேன். பனியில் வழுக்காதபடி சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டி நானே ஓட்டி வருகிறேன். கம்பளியும் கொண்டு வருகிறேன்.

நீ வந்தால் எனக்கும் கதவைத் திற. எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று அவர் கேட்கும்போது, இரண்டு பேருக்கும் சேர்த்து நீயே பதில் சொல்.

வராவிட்டாலும், அந்த மலை ரோட்டில் பத்திரமாக ஓட்டு.

உன்
லொரெட்டா